2ab-யை முழுங்கின டீச்சர்

ஜூலை 6

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற மனசு இல்ல, நேரா விஷயத்துக்கு வரேன். உன் நம்பரை பிளாக் பண்ணிட்டேன்னு இந்நேரம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். போன்ல நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ நாலு சொல்லுவே, கடைசியில நான்தான் ஸாரி சொல்லி வைப்பேன். அந்தக் கூத்து இனிமே வேண்டாம். பேப்பர்ல எழுதினா, நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கிட்டு இருந்துதான் ஆகணும்.

உங்க கம்பெனி ஆப்ல ஓடுற என் பாடத்தை நேத்துதான் பார்த்தேன். பார்க்க வெச்சாங்க. ஹெட்மாஸ்டர் ரூம்ல, அவரு, நிர்வாகி, பிள்ளைங்களைப் பெத்தவங்க ரெண்டு பேரு, எல்லாரும் சுத்தி உக்காந்து, நடுவுல நான். போர்டுல நான் எழுதுறேன்: (a+b)² = a²+b². எழுதி முடிச்ச அடுத்த நிமிஷமே திரும்பி, "இதை உசிரு இருக்கிற வரைக்கும் மறக்கக் கூடாது, புரிஞ்சுதா?"ன்னு கேக்குறேன். பாடம் முடிஞ்சுது. நடுவுல வர வேண்டிய 2ab எங்கடி?

உனக்குத் தெரியாதா நான் பாடம் நடத்துற விதம்? தினமும் ஒரு வரி வேணும்னே தப்பா எழுதுவேன். எழுதிட்டு வாயே திறக்க மாட்டேன். வகுப்பு முழிக்கும், முணுமுணுக்கும், யாராவது ஒரு பிள்ளை எழுந்து "டீச்சர், தப்பு!"ன்னு கத்தும். கத்தினவங்க கையில சாக்பீஸைக் கொடுத்துடுவேன். அடிச்சு, சரியா எழுதி, ஏன்னு சொல்லணும். நான் திருத்தவே மாட்டேன். அதுக்கப்புறம்தான் "மறக்கக் கூடாது"ன்னு சொல்லுவேன். நீங்க கேமராவோட வந்தப்போ அந்த ரெட்டை ஜடைக்காரி வந்து சதுரம் வரைஞ்சு நாலு துண்டாப் பிரிச்சுக் காட்டினாளே, நீ கடைசி பெஞ்சுல உக்காந்து கை தட்டினியே! அது எங்க போச்சு?

ஆப்ல படிச்ச பிள்ளைங்க எந்தெந்த ஊர்லயோ பரீட்சையில அப்படியே எழுதி வெச்சிருக்காங்க. யாரோ ஒரு அப்பா அந்த வீடியோத் துண்டை ஊர் பூராவும் அனுப்பிட்டாரு. எனக்குப் பேரு என்ன தெரியுமா? "2ab-யை முழுங்கின டீச்சர்." காய்கறிக் கடையில ஒரு பையன் என்னைப் பார்த்து ஏப்பம் விட்டான்.

பத்தாம் வகுப்பை என்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. இப்போ என் பிள்ளைங்க ஸ்கிரீன் ரூம்ல உக்காந்து உங்க ஆப்பைப் பார்த்துக் கணக்குப் படிக்குதுங்க. ஹெட்போன் எடுத்துக் கொடுக்கிறதும் திரும்ப வாங்கி வெக்கிறதும் என் வேலை. அடுத்த மாசம் விசாரணை. என் மேல தப்புன்னு முடிவானா பத்தாம் வகுப்பு எனக்கு இனிமே கிடையாது.

முழுப் பாடத்தையும் போடு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

அக்கா

*

ஜூலை 11

அக்கா,

பிளாக் பண்ணிட்டு லெட்டர் போடுற ஒரே ஆளு உலகத்துலயே நீதான். கவர் கிழிக்கிறதைப் பார்த்து ஆபீஸ்ல எல்லாரும் கோர்ட் நோட்டீஸ்னு நினைச்சுட்டாங்க. படிச்சதுக்கப்புறம் எனக்கும் அப்படித்தான் தோணிச்சு.

நான் ஏதோ வேணும்னே உன் தலையில மண்ணை வாரிப் போட்ட மாதிரி எழுதியிருக்கே. என்ன நடந்ததுன்னு கேட்டியா? கேக்கலை. தீர்ப்பு எழுதிட்டுத்தான் கவர் ஒட்டியிருக்கே.

கேளு. எங்க சாஃப்ட்வேர் பேச்சு நிக்கிற இடத்தையெல்லாம் தானா வெட்டிடும். பசங்க ஆப்ல ஒரு வீடியோவை எங்க விட்டுட்டுப் போறாங்கன்னு கிராஃப்ல ஒரு கோடு காட்டும். டீச்சர் சும்மா நிக்கிற இடத்துல அந்தக் கோடு கிணத்துல விழுந்த மாதிரி விழும். அதனால மௌனம் இருந்தா வெட்டு. இது ஒரு விதி. இன்னொரு விதி, பிள்ளைங்க முகமோ குரலோ வரக் கூடாது, அவங்க வீட்டுல சம்மதம் வாங்கலை. அதுக்கும் சாஃப்ட்வேர். ஒண்ணு உன் மௌனத்தை எடுத்துடுச்சு, இன்னொண்ணு ரெட்டை ஜடைக்காரியை எடுத்துடுச்சு. மிச்சம் என்ன இருந்துதோ அது ஆப்ல போயிடுச்சு. ரெண்டுமே நல்லதுக்குன்னு வெச்ச விதிதான்.

கடைசியில பார்த்து ஓகே போட்டது நான்தான். ஒத்துக்கிறேன். ஆனா என் மேஜைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பாடம் வருதுன்னு உனக்குத் தெரியுமா? சத்தம் சரியா இருக்கா, படம் ஆடுதா, அவ்வளவுதான் பார்க்க முடியும். கணக்கு சரியான்னு பார்க்க நான் என்ன கணக்கு டீச்சரா? வீட்டுல கணக்கு உனக்கு, படம் எனக்குன்னு பிரிச்சுக் கொடுத்தது அப்பா.

நீயும்தான் அந்த வீடியோவை ஒரு தடவை பார்த்திருக்கலாம். "என் மூஞ்சியை நானே எதுக்குப் பார்க்கணும்"னு சொன்னவ நீ. இப்போ ஊரே பார்த்துடுச்சுன்னு என் மேல பாயுறே.

முழுப் பாடத்தைப் போட விட மாட்டாங்க, பிள்ளைங்க குரல் இருக்கு. ஆனா சரி பண்றேன். விசாரணைக்கு முன்னாடி சரி பண்ணிடுவேன். மாமாகிட்ட நான் கேட்டதாச் சொல்லு.

உன் தங்கச்சி

*

ஜூலை 16

வாலு,

பழைய பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டேன்னு கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே. பேனா தானா எழுதிடுச்சு.

"சும்மா நிக்கிற இடம்"னு எழுதியிருக்கே. அந்த வார்த்தையைப் படிச்சுட்டு லெட்டரை மேஜை மேல போட்டுட்டுப் போய்ப் பாத்திரம் தேய்ச்சேன். தேய்ச்ச பாத்திரத்தையே திரும்பத் தேய்ச்சேன். நான் சும்மா நிக்கலடி! அந்த நேரத்துல நாப்பது மண்டைக்குள்ள வேலை நடக்குது. எவ பேனாவைக் கடிக்கிறா, எவன் பக்கத்துல எட்டிப் பார்க்குறான், யாரு தப்புன்னு தெரிஞ்சும் பயந்து உக்காந்திருக்காங்க, எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு, வாயில வர்ற விடையை முழுங்கிக்கிட்டு நிக்கிறதுதான் என் தொழில். பேசுறதை எவன் வேணா செய்வான். உங்க கம்பெனி என் தொழிலை எடுத்துக் குப்பையில போட்டுட்டு, மிச்சம் இருந்த சளசளப்பைப் பாடம்னு காட்டிக்கிட்டு இருக்கு.

உங்க கோடு ஏன் கிணத்துல விழுதுன்னு நான் சொல்றேன். தனியா ஒரு பிள்ளை போனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா, டீச்சர் பேசாம நின்னா, அது எந்திரிச்சுப் போகத்தான் செய்யும். பக்கத்துல முணுமுணுக்க ஆள் இல்லையே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

வீடியோவை நான் பார்க்கலைதான். என் வீட்டுச் சாவியை உன்கிட்ட கொடுத்துட்டு, பூட்டினியான்னு நான் வந்து பார்க்கலைதான். நீ கேட்டேன்னுதான் ஒத்துக்கிட்டேன். "அக்கா, நல்ல டீச்சர் இல்லாத ஊர்ப் பிள்ளைங்களுக்கு நீ கிடைப்பே"ன்னு சொன்னே பாரு, அதுல விழுந்தேன்.

சரி பண்றேன்னு சொல்லியிருக்கே. பண்ணு. மாமா உன்னைக் கேட்டாரு. எனக்குப் பிடிக்கலை, இருந்தாலும் எழுதுறேன்.

அக்கா

*

ஜூலை 21

அக்கா!

சரி பண்ணிட்டேன்! ஆப்பைத் திற, உடனே பாரு. பார்த்துட்டு வந்து மிச்சத்தைப் படி.

பார்த்தியா? நீ தப்பு வரியை எழுதுறே, உடனே "இது தப்பு பிள்ளைங்களா, நடுவுல 2ab வரணும், ஏன்னு பாருங்க"ன்னு சொல்லி, நீயே சதுரத்தைப் பிரிச்சுக் காட்டுறே. ஒரு பிள்ளை குரல்கூட இல்ல, சட்டப் பிரச்சினை இல்ல. எங்க ஏஐ டீம் உன்னோட மத்த பாடத்தையெல்லாம் கேட்டு உன் குரலை அப்படியே எடுத்துடுச்சு. வாய் அசைவுகூடப் பொருந்துது. "பிள்ளைங்களா"ன்னு நீ இழுக்கிற இழுப்பு வர்ற வரைக்கும் நான் பக்கத்துல உக்காந்து திரும்பத் திரும்பப் பண்ண வெச்சேன். டீம் லீடரே பாராட்டினாரு. இனிமே எந்தப் பாடத்துல என்ன தப்பு வந்தாலும் உன்னைத் தொந்தரவே பண்ண வேண்டாம், நாங்களே உன் குரல்ல சரி பண்ணிக்கலாம்.

இதை ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டு. பிரச்சினை முடிஞ்சுது. இப்பவாவது பிளாக்கை எடு தாயே.

வாலு

*

ஜூலை 25

உனக்கு,

உன் புது வீடியோவை ஹால்ல போட்டுப் பார்த்தேன். மாமா குளிச்சுக்கிட்டு இருந்தாரு. என் குரல் கேட்டு, "என்னம்மா, இதோ வரேன்"னு உள்ளேருந்து பதில் கொடுத்தாரு. நான் வாயே திறக்கலை.

நான் சொல்லாததை என் வாயில வெச்சுச் சொல்ல வெக்க உனக்கு யாருடி உரிமை கொடுத்தது? ஒப்பந்தத்துல இருக்குன்னு சொல்லாதே. ஒப்பந்தம் கம்பெனிக்கு. உன்கிட்ட கேக்குறேன், கூடப் பிறந்தவகிட்ட. என் இழுப்பு வர்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தியாமே! அதுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்து இழுத்திருப்பேனே!

அந்தப் பொம்மை என்ன பண்ணுது பாரு. தப்பை எழுதிட்டு மூச்சு விடுறதுக்குள்ள "இது தப்பு"ன்னு தானே சொல்லிடுது. பிள்ளைங்களுக்கு யோசிக்க என்ன மிச்சம் வெச்சுது? இத்தனை வருஷமா நான் எதைச் செய்யக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேனோ, அதையே என் மூஞ்சியை மாட்டிக்கிட்டுச் செய்யுது. முதல் வீடியோவுல என்னை முட்டாளாக் காட்டினீங்க. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். இதுல என்னை மோசமான டீச்சராக் காட்டியிருக்கீங்க.

ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டினேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "அப்போ கம்பெனி உங்க தப்பைத் திருத்திக் கொடுத்திருக்கு, நல்லதாப் போச்சு"ன்னாரு. என் தப்பாம்! நல்லா சரி பண்ணினே போ.

இனிமே நீ எதையும் சரி பண்ண வேண்டாம். ஆகஸ்ட் ரெண்டாம் தேதி விசாரணை. நேர்ல வா. உன் காலால நடந்து வந்து, உன் வாயால, "வெட்டினது எங்க சாஃப்ட்வேர், ஓகே போட்டது நான், எங்க அக்கா சரியாத்தான் நடத்தினா"ன்னு சொல்லு. அது முடியாதுன்னா அக்கான்னு ஒருத்தி இருக்கான்னு மறந்துடு.

*

ஜூலை 29

அக்கா,

முதல்ல, மன்னிச்சுடு. மாமா பதில் கொடுத்ததைப் படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் அதை உன் குரலா நினைக்கலை, ஒரு வேலையா நினைச்சுட்டேன். நல்லா முடிஞ்ச வேலைன்னு சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

ஆனா நேர்ல வர விட மாட்டேங்கிறாங்க. கேட்டேன், கெஞ்சினேன், டீம் லீடரோட சண்டையே போட்டேன். "வேற இடத்துல போய் கம்பெனி விஷயம் பேசினா வேலை போயிடும்"னு நேரா சொல்லிட்டாரு. இங்க வாடகை என் சம்பளத்துலதான் ஓடுதுன்னு உனக்குத் தெரியும். என்னைக் கோழைன்னு திட்டு, பரவால்ல.

அவங்களே ஒரு வழி சொன்னாங்க. என் வாக்குமூலத்தை இங்கேயே வீடியோவா எடுத்து, கம்பெனி மூலமா ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களாம். எடுத்தாச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன் அக்கா. நீ வேணும்னே தப்பு எழுதுவேன்னு, காத்திருப்பேன்னு, சாஃப்ட்வேர் எப்படி வெட்டிச்சுன்னு, நான் பார்க்காம ஓகே போட்டேன்னு, ஒண்ணு விடாம சொன்னேன். நடுவுல அழுதுட்டேன், மூக்கைச் சிந்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சேன். கேமராக்காரரே தண்ணி கொண்டு வந்து கொடுத்தாரு.

இதுக்கு மேல நீ கவலைப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பு உனக்குத்தான்.

வாலு

*

ஆகஸ்ட் 4

உன் வாக்குமூலத்தைப் போட்டாங்க. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு.

திரையில நீ வந்தே. நல்ல சட்டை. "எங்க அக்கா அந்த வரியை வேணும்னே தப்பா எழுதினாங்க"ன்னு சொன்னே. அடுத்தாப்புல, "பாடம் வந்தப்போ சத்தமும் படமும் சரியா இருந்துது"ன்னு சொன்னே. அப்புறம், "இப்போ கம்பெனி சரி பண்ணிடுச்சு." நன்றின்னு எழுத்து வந்துது. முடிஞ்சுது.

அழுகை இல்ல. மூக்கு சிந்தல் இல்ல. சாஃப்ட்வேர்னு ஒரு வார்த்தை இல்ல.

நிர்வாகி என்னைப் பார்த்து, "வேணும்னேவா எழுதினீங்க?"ன்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன், அது உண்மைதானே. அதுக்கு மேல நான் சொன்னது, பிள்ளைங்களையே கேளுங்கன்னு சொன்னதுகூட, யார் காதுலயும் ஏறலை. முடிவை 14-ஆம் தேதி கூடிச் சொல்றாங்களாம். நான் இல்லாமலே எழுதிடலாம், அவ்வளவு தெளிவா இருக்கு.

நீ நிஜமாவே அவ்வளவுதான் சொன்னியா, இல்ல உன்னையும் வெட்டிட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுப் பார்த்தேன், ரெண்டுல எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான். வர வேண்டிய நாள்ல நீ வரலை.

இனிமே எழுதாதே.

*

ஆகஸ்ட் 8

அக்கா,

எழுதாதேன்னு சொன்னே. எழுதுறேன். கிழிச்சுப் போடு, பரவால்ல.

அனுப்பின வீடியோவைக் காட்டுன்னு டீம் லீடர்கிட்ட போய் நின்னேன். காட்டினாரு, ஒளிக்கக்கூட இல்ல. "கம்பெனிக்குத் தேவையான அளவு வெச்சோம், மத்தபடி நீங்க சொன்னது எதையும் மாத்தலையே"ன்னாரு. மாத்தலையாம்! நான் மூச்சு வாங்கின இடத்தையெல்லாம் எடுத்துட்டு, நடுவுல இருந்ததையும் எடுத்துட்டு, ரெண்டு வாக்கியத்தை ஒட்டி வெச்சா நான் யாரோ ஒருத்தி மாதிரி இருக்கேன். அந்த மூஞ்சியைப் பார்த்து எனக்கே அறையத் தோணிச்சு.

எனக்கு அப்படியொரு கோபம் வந்துது அக்கா. மேஜை மேல இருந்த காபியைத் தட்டி விட்டேன், அவரோட கீபோர்டு பூரா காபி. "ஒரு டீச்சரோட வாழ்க்கைடா அது!"ன்னு கத்தினேன். டா போட்டுக் கூப்பிட்டுட்டேன். ஆபீஸே எந்திரிச்சு நின்னுடுச்சு. அந்த இடத்துலயே அடையாள அட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வந்துட்டேன்.

நீ சொன்னதுதான் சரி, ரெண்டுல எதுன்னாலும் ஒண்ணுதான். நான் வந்திருக்கணும். வேலையை நினைச்சுப் பயந்தேன், அந்த வேலையும் இப்போ இல்ல.

14-ஆம் தேதி வரேன். நீ கூப்பிட வேண்டாம். உன் வீட்டுக்கும் வரலை. நேரா ஸ்கூலுக்குப் போறேன்.

வாலு

*

ஆகஸ்ட் 16

வாலு,

அன்னைக்கு நீ அந்த ரூம்ல பேசிட்டு, கத்திட்டு, அவங்க வெளியே போகச் சொன்னதும் கதவை அறைஞ்சுட்டு நேரா பஸ் ஏறிட்டே. நான் வெளியே வந்து தேடினேன். வாட்ச்மேன் "அவங்க அழுதுக்கிட்டே போயிட்டாங்களே"ன்னாரு. அதனால நீ போனதுக்கப்புறம் நடந்ததை எழுதுறேன்.

நம்பலை. நீ நேர்ல நின்னு, தொண்டை கிழியச் சொன்னதை ஒருத்தர்கூட நம்பலை. நிர்வாகி சொன்னாரு, "கம்பெனி அனுப்பின வீடியோதான் முறையான வாக்குமூலம். இவங்க கூடப் பிறந்தவங்க, அதுவும் வேலையை விட்டு வந்தவங்க, இப்படித்தான் பேசுவாங்க." திரையில இருந்த உன்னை நம்புறாங்க, எதிர்ல நின்ன உன்னை நம்பலை. நான் சிரிச்சுட்டேன். ஹெட்மாஸ்டர், "இதுல என்னம்மா சிரிப்பு?"ன்னு கேட்டாரு.

பத்தாம் வகுப்பு போயிடுச்சு. எழுதிக் கொடுத்துட்டாங்க.

ஒண்ணு சொல்லணும், நேர்ல சொல்ல எனக்கு வராது. நீ மேஜையைத் தட்டி, "எங்க அக்கா பேசாம நிக்கிறதைப் பார்க்க உங்களுக்கெல்லாம் பொறுமை இருக்கா?"ன்னு கேட்டே பாரு. இத்தனை வருஷ வேலையில எனக்காக யாரும் அப்படிக் கோபப்பட்டதில்ல. மாமா கோபப்படுவாரு, ஆனா மெதுவா. உன் மேல எனக்குக் கோபம் இன்னும் இருக்கு. அந்தக் குரல் விஷயத்துக்கு நீ சாகுற வரைக்கும் திட்டு வாங்குவே. ஆனா ஆளைப் பார்க்காம திட்ட முடியலை, மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு. வாடகையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். பிளாக்கை எடுத்துட்டேன்.

நாளைக்கு முதல் பீரியட் ஸ்கிரீன் ரூம். உள்ள உக்காந்திருக்கப் போறது அதே நாப்பது பேரு, என் பிள்ளைங்க. சுவத்துல அந்தப் பொம்மை என் மூஞ்சியோட வந்து, அவங்க யோசிக்கிறதுக்குள்ள விடையைச் சொல்லப் போகுது. நான் பக்கத்துல நின்னு ஹெட்போன் கொடுக்கணுமாம்.

கொடுக்கப் போறதில்ல. பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டு, கையோட ஒரு கரும்பலகையைத் தூக்கிட்டுப் போறேன், மாமா இப்பவே ஸ்கூட்டர்ல கட்டி வெச்சுட்டாரு. நான் உசிரோட நிக்கும்போது என் வகுப்பை நானேதான் நடத்துவேன். ஹெட்மாஸ்டர் வந்து கத்தினா, அவரையும் உக்காரச் சொல்லுவேன். இதுக்காக வேலையை விட்டு அனுப்பினா அனுப்பட்டும், ரெண்டு பேருமா சேர்ந்து வேலை தேடுவோம்.

அக்கா